கல்வியில் சமநீதி: முதுநிலை ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்வியியலில் சமநீதியையும் சமூக நீதியையும் மையமாக வைத்து முதுநிலைப் படிப்பிலோ முனைவர் பட்டத்திலோ சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் படிப்பை முடித்த பிறகு, புதிதாக வருகிறவர்களின் ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். அவர்களிடம் அக்கறைக்குப் பஞ்சமே இல்லை. தடுமாறுவது வரிசையில்தான். கேள்வி உருவாகும் முன்பே கோட்பாட்டைத் தேர்ந்துவிடுகிறார்கள். அனுமதி வரும் முன்பே நேர்காணலைத் தொடங்கிவிடுகிறார்கள். குறை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் முன்பே அதை மாணவர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் அதிகம் கேடு செய்வது. அநீதியை எதிர்த்து எழுதத் தொடங்கிய ஆய்வு, கடைசியில் பாதிக்கப்பட்டவர்களின் குறைகளைப் பட்டியலிடும் ஏடாக முடிந்துவிடுகிறது. அதை எந்தப் படியில் எப்படித் தவிர்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைப் பள்ளியைக் கடைசிவரை உடன் வைத்துக்கொள்வோம். அங்கே ஒன்பதாம் வகுப்பில் மாணவர்களை உயர்நிலைக் கணிதம், அடிப்படைக் கணிதம் என்று இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கல்வி நடக்கும் ஓர் இடத்தைக் கொஞ்ச காலமாவது உள்ளிருந்து பார்த்திருக்க வேண்டும். வகுப்பறை, மாலைப் பயிற்சி மையம், விடுதி, முதியோர் கல்வி வகுப்பு, பள்ளி நூலகம் என எதுவாகவும் இருக்கலாம். சேர்க்கை எப்படி நடக்கிறது, மதிப்பெண் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், பெற்றோர் யாரிடம் பேச முடிகிறது என்ற நடைமுறை தெரியாதவர்களின் கேள்விகள் பொதுப்படையாகவே நின்றுவிடும்.

சதவீதம், விகிதம், சராசரி, இடைநிலை ஆகியவற்றைத் தயக்கமில்லாமல் கையாளத் தெரிய வேண்டும். நேர்காணல் ஆய்வுதானே, எண் எதற்கு என்று ஒதுங்குகிறவர்கள் பலர். சமத்துவமின்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஓர் அட்டவணைதான்.

படித்தவற்றைச் சேமிக்க ஜொடெரோ போன்ற இலவச மேற்கோள் மென்பொருள் ஒன்றை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். ஆய்வேட்டின் கடைசி வாரத்தில் பக்க எண்களைத் தேடி அலைவதைப் போன்ற வீண் உழைப்பு வேறில்லை.

2. விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு கேள்வி

பலரும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்துவிட்டு, சேர்ந்த பிறகு கேள்வியைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். கேள்வி இருந்தால்தான் எந்த நெறியாளர் பொருந்துவார், எந்த வகைப் பட்டம் போதும் என்று தெரியும். இறுதி வடிவம் இப்போது தேவையில்லை. திசை தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டுப் பள்ளியைப் பார்த்த ஒருவர் முதலில் இப்படி எழுதுவார்: “ஏழை மாணவர்கள் ஏன் உயர்நிலைக் கணிதத்தில் சேர்வதில்லை?” நல்ல நோக்கத்தோடு கேட்ட கேள்விதான். ஆனால் இதன் எழுவாய் ஏழை மாணவர்கள். பதிலும் அவர்களுக்குள்ளேயே தேடப்படும்: ஆர்வம் குறைவு, வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, பெற்றோர் கவனிப்பதில்லை.

எழுவாயை மாற்றிப் பாருங்கள்: “உயர்நிலைக் கணிதத்துக்கு மாணவர்களைப் பள்ளி எப்படித் தேர்ந்தெடுக்கிறது?” இப்போது கண் பள்ளியின் பக்கம் திரும்புகிறது. இன்னும் ஒரு முறை கூர்மையாக்குங்கள்: “எட்டாம் வகுப்புக் கணிதத்தில் ஒரே அளவு மதிப்பெண் பெற்றவர்களில், யார் உயர்நிலைப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறார்கள்? அந்தப் பரிந்துரைக்கு ஆசிரியர்கள் சொல்லும் காரணங்கள் யாவை?” எந்தத் தரவு வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பது இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் வரைவு ஒவ்வொன்றையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். எழுவாய் யார்? வினைச்சொல் யாருடைய செயலைச் சொல்கிறது? முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பவர் கேள்விக்குள் வந்திருக்கிறாரா? வரவில்லை என்றால் திருப்பி எழுதுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1966-இல் அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை, பள்ளிகளுக்கு இடையிலான வள வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண் வேறுபாட்டோடு அதிகம் பொருந்தி வருகிறது என்று கண்டது. அதைப் பலர் “பள்ளியால் ஒன்றும் ஆகாது” என்று வாசித்துவிட்டார்கள். பெரிய ஆய்வுக்கே அந்த கதி. உங்கள் ஆய்வு எப்படி வாசிக்கப்படும் என்பதில் பாதி கேள்வியின் வடிவத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொரு பிழை, கேள்விக்குள் உலகத்தையே அடைக்க முயல்வது. வர்க்கம், பாலினம், மொழி, மாற்றுத்திறன், இடப்பெயர்வு எல்லாம் முக்கியம்தான். ஆனால் ஒரு முதுநிலை ஆய்வேடு ஒரு முடிவெடுக்கும் தருணத்தை முழுமையாகப் பார்த்தாலே போதும். பிரிவு ஒதுக்கீடு அப்படி ஒரு தருணம். சேர்க்கை, இடைநிற்றலுக்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதம், சிறப்புக் கல்விக்கு அனுப்புதல், தண்டனை, மொழிவழியைத் தேர்தல் ஆகியவையும் அப்படிப்பட்டவையே.

3. பட்டத்தின் வகை, நெறியாளர், பணம்

முதுநிலைப் படிப்புகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று பாடங்களையும் கட்டுரைகளையும் முடித்தால் கிடைப்பது. மற்றொன்று ஆய்வேடு கேட்பது. வகுப்பறைக்கோ கல்வி நிர்வாகத்துக்கோ திரும்பப் போகிறவர்களுக்கு முதல் வகை போதுமானதாக இருக்கலாம். முனைவர் பட்டம் மனத்தில் இருந்தால் ஆய்வேடு உள்ளதையே தேர்ந்தெடுங்கள். ஆய்வேடு எழுதாமல் போய் முனைவர் ஆய்வில் திணறுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முனைவர் நிலையில் பி.எச்டி. ஆராய்ச்சியாளரை உருவாக்கும் நோக்கம் கொண்டது. எட்.டி. என்னும் கல்வியியல் முனைவர் பட்டம் பெரும்பாலும் பணியில் இருப்பவர்கள் தங்கள் பணியிடச் சிக்கலையே ஆய்வதற்கானது.

படிப்பின் பெயரில் “சமூக நீதி” இருக்கிறதா என்பதைக் கொண்டு முடிவெடுக்காதீர்கள். அந்தத் துறையில் அண்மையில் ஏற்கப்பட்ட நான்கைந்து ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் எடுத்து, ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் முறையியல் இயலை மட்டும் படியுங்கள். மாணவர்கள் உண்மையில் எதைச் செய்ய அனுமதிக்கப்படுகிறார்கள் என்பது அங்கே தெரியும். எல்லா ஆய்வேடுகளும் ஒரே கருத்துக்கணிப்பு வடிவத்தில் இருந்தால், பள்ளிக்குள் உட்கார்ந்து கவனிக்க விரும்பும் உங்களுக்கு அங்கே இடம் குறைவு.

நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். உங்கள் கேள்வி ஒரு பத்தி, அது அவருடைய எந்த ஆய்வோடு எங்கே தொடுகிறது என்று இரண்டு வரி, அடுத்த ஆண்டு மாணவர்களை ஏற்கிறாரா என்ற நேரடி வினா. இவ்வளவே போதும். பிறகு அவரிடம் ஏற்கெனவே படிக்கும் மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். வரைவுக்குப் பதில் வர எவ்வளவு நாள் ஆகிறது, கள அனுமதியில் துறை உதவுகிறதா, இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். கட்டண விலக்கு உண்டா, உதவித்தொகை எத்தனை பருவத்துக்கு, கற்பித்தல் உதவியாளர் பணிக்கு வாரம் எத்தனை மணி நேரம், களப்பயணச் செலவு யாருடையது என எல்லாவற்றையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். சமநீதி பேசும் துறைகளிலும் வசதியில்லாத மாணவர்கள் பாதியில் நிற்கிறார்கள்.

4. விண்ணப்ப ஆவணங்கள்

நோக்க அறிக்கையின் வரிசை இது: நீங்கள் கண்ட ஒரு நடைமுறை, அதிலிருந்து எழுந்த கேள்வி, இதுவரை வாசித்தவை அந்தக் கேள்விக்கு எதுவரை பதில் சொல்கின்றன, இந்தத் துறையில் அதை எப்படித் தொடர முடியும்.

சொந்தத் துயரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சொல்வதாக இருந்தால், அது கேள்விக்கு எப்படிக் கொண்டுவந்தது என்பதோடு நிறுத்துங்கள். மறுபக்கத்தில், “குரலற்றவர்களின் குரலாக இருப்பேன்” என்ற தொனி வேண்டவே வேண்டாம். அவர்களுக்குக் குரல் இருக்கிறது. கேட்கும் ஏற்பாடு இல்லை என்பதுதான் நீங்கள் ஆராயப்போகும் விஷயம்.

பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் உங்கள் கேள்வியையும் நோக்க அறிக்கை வரைவையும் கொடுத்துவிடுங்கள். எதுவும் கொடுக்காமல் கேட்டால் “நல்ல மாணவர், ஒழுக்கமானவர்” என்ற கடிதம்தான் வரும்.

5. கோட்பாட்டை இப்போது தேர்ந்தெடுங்கள்

முதல் பருவத்தில் பெயர்கள் மழையாகக் கொட்டும். எல்லாவற்றையும் ஆய்வேட்டுக்குள் கொண்டுவர ஆசை வரும். ஒரு கோட்பாட்டின் பயன் ஒன்றே: அது இல்லாமல் உங்கள் கண்ணில் படாத ஒன்றைக் காட்ட வேண்டும். அதைச் சோதிக்க, ஒரே நிகழ்வை வெவ்வேறு கோட்பாடுகளோடு வைத்துப் பாருங்கள்.

நம் பள்ளிக்குத் திரும்புவோம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனம் (குடும்பத்திலிருந்து வரும், பள்ளி மதிக்கும் பேச்சும் பழக்கமும் அறிவும்) என்ற கருத்தோடு போனால், ஆசிரியர் “ஆர்வமுள்ள பிள்ளை” என்று சொல்லும்போது எந்த வகைப் பேச்சு, எந்த வகை நடத்தை ஆர்வமாகக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்பீர்கள். நீதியைப் பற்றி எழுதிய அமெரிக்க மெய்யியலாளர் நான்சி ஃபிரேசரோடு போனால் மூன்று கேள்விகள் எழும். வளங்கள் எப்படிப் பகிரப்படுகின்றன? யாருக்கு மதிப்பு தரப்படுகிறது? ஒதுக்கீட்டு விதியை எழுதும் கூட்டத்தில் யாருக்கு இடம்? மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

கல்வி உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக 1998-இல் முதன்முதலில் நியமிக்கப்பட்ட கத்தரினா தொமாஷெவ்ஸ்கி வகுத்த நான்கு அளவுகோல்கள் தொடக்கநிலை ஆய்வாளருக்குக் கைகொடுப்பவை. கல்வி இருக்கிறதா, அதை அடைய முடிகிறதா, அது ஏற்கத்தக்கதாக இருக்கிறதா, மாணவருக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறதா? கடைசி அளவுகோலைக் கவனியுங்கள். மாற வேண்டியது பள்ளி என்று அது நேராகச் சொல்கிறது.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989-இல் முன்வைத்த குறுக்குவெட்டுப் பார்வையைப் பலர் அடையாளங்களின் பட்டியலாகக் குறுக்கிவிடுகிறார்கள். அவர் எடுத்துப் பேசிய வழக்குகளில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் அந்தப் பிழை வராது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, ஆனால் அவர்கள் வெள்ளையர். 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை எடுக்கவில்லை. பின்னர் பணிமூப்பு அடிப்படையில் ஆட்குறைப்பு வந்தபோது, பிந்திச் சேர்ந்த அவர்கள் வேலை இழந்தார்கள். இனப் பாகுபாடு, பாலினப் பாகுபாடு ஆகியவற்றைத் தனித்தனியாகத்தான் வாதிடலாம், சேர்த்து வாதிட முடியாது என்று 1976-இல் நீதிமன்றம் சொன்னது. தனித்தனியாகப் பார்த்தால் மறைந்துவிடும் பாதிப்பைக் காண்பதே இந்தப் பார்வையின் வேலை.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சிப்போனால் இரண்டு. கோட்பாட்டு இயலில் அறிமுகமாகும் கருத்து, பகுப்பாய்வு இயலில் வேலை செய்யவில்லை என்றால் அதை நீக்கிவிடுங்கள். தேர்வாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

6. களத்துக்குப் போகும் முன் எண்களைப் பாருங்கள்

நேர்காணலுக்கு முன் எண்களைப் பார்ப்பது ஏன்? யாரிடம் பேச வேண்டும் என்று அவைதான் சொல்லும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பள்ளியில் 200 மாணவர்கள். 100 பெண்கள், 100 ஆண்கள். உயர்நிலைக் கணிதத்தில் இரு பாலாரிலும் 40 பேர் வீதம். பெண்களின் விகிதத்தை ஆண்களின் விகிதத்தால் வகுத்தால் பாலினச் சமநிலைக் குறியீடு 1. யுனெஸ்கோ நடைமுறையில் 0.97 முதல் 1.03 வரை சமநிலை. பள்ளி நிம்மதியாக அறிக்கை எழுதிவிடும்.

இப்போது குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்களைப் பிரியுங்கள். அவர்களில் 40 பெண்கள், 40 ஆண்கள். அந்தப் பெண்களில் உயர்நிலைப் பிரிவில் இருப்பவர்கள் 4 பேர், ஆண்களில் 12 பேர். மற்ற குடும்பங்களின் 60 பெண்களில் 36 பேர், 60 ஆண்களில் 28 பேர். மொத்தக் கணக்கு மாறவில்லை. ஆனால் ஒரு பக்கம் 60 சதவீதம், மறுபக்கம் 10 சதவீதம். மற்ற குடும்பத்துப் பெண்களின் உயர்ந்த விகிதம், முதல் தலைமுறைப் பெண்களின் நிலையைச் சராசரிக்குள் மூடிவிட்டது.

எனவே அட்டவணையை எப்போதும் குறைந்தது இரண்டு அச்சுகளில் பிரியுங்கள். அதன்பின் ஒரே மதிப்பெண் பெற்றவர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். இடைவெளி அப்போதும் இருந்தால், பரிந்துரைக்கும் முறையைப் பார்க்க வலுவான காரணம் கிடைத்துவிட்டது. இடைவெளி மறைந்தால் அதையும் நேர்மையாக எழுதுங்கள். அநீதி இன்னும் முந்தைய வகுப்புகளில் நடந்திருக்கலாம் என்று கேள்வியை அங்கே நகர்த்துங்கள்.

நாடுகளுக்கு இடையிலான ஒப்பீடு தேவைப்பட்டால் யுனெஸ்கோவின் கல்விச் சமத்துவமின்மைத் தரவுத்தளமும், 15 வயது மாணவர்களை மதிப்பிடும் பீசா தேர்வின் தரவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பள்ளிக்கே வராத பிள்ளைகள் பள்ளித் தேர்வுத் தரவில் இருக்க மாட்டார்கள்.

சிறிய எண்ணிக்கைகளில் எச்சரிக்கை வேண்டும். மேலே உள்ள அந்த 4 மாணவிகளை அந்தப் பள்ளியில் எவரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். வெளியிடும் அட்டவணையில் இத்தகைய கட்டங்களைச் சேர்த்தோ மறைத்தோ கொடுங்கள்.

7. நெறிமுறை அனுமதி

அனுமதி வரும் முன் திரட்டிய தரவைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. “சும்மா பேசிப் பார்த்தேன்” என்று தொடங்கி, மிக நல்ல நேர்காணல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, கல்வி அதிகாரி, பள்ளித் தலைமை, பெற்றோர், மாணவர் என்று அனுமதிப் படிகள் நீளும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும் என்பதால், மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். பள்ளி விடுமுறையும் தேர்வுக் காலமும் அந்தக் கணக்கில் இருக்கட்டும்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் நெறிமுறை பற்றி 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கை மூன்று கொள்கைகளை முன்வைத்தது: மனிதர்களுக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி. மூன்றாவதைப் படிவத்தின் சடங்காக விட்டுவிடாதீர்கள். ஆய்வின் சுமையைத் தாங்குகிறவர்களுக்கே அதன் பயனும் சேருகிறதா என்று அது கேட்கிறது. எங்கள் ஊருக்கு எத்தனையோ ஆய்வாளர்கள் வந்துபோனார்கள், ஒன்றும் மாறவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தக் கேள்வியைத்தான் அவர் கேட்கிறார்.

குழந்தைகளிடம் பேசுவதானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், குழந்தையின் சம்மதமும் வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டார்கள் என்பதற்காக, தலையைக் குனிந்தபடி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் சிறுமியைத் தொடர்ந்து கேள்வி கேட்கக் கூடாது. அந்த மௌனமே மறுப்புதான்.

ஒப்புதல் படிவத்தின் மொழி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வழக்கமான வாசகம்: “இவ்வாய்வில் பங்கேற்பது முற்றிலும் தன்னார்வத்தின் பாற்பட்டது, பங்கேற்பாளர் எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை உடையவர்.” இதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடும் பலருக்கு என்ன உரிமை என்று விளங்காது. இப்படி எழுதுங்கள்: “உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் பேசலாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். பாதியில் எழுந்து போகலாம். நீங்கள் மறுத்தாலும் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணிலோ வகுப்பிலோ எந்த மாற்றமும் வராது. நீங்கள் சொன்னது என்று பள்ளிக்கு நான் சொல்ல மாட்டேன்.” பெற்றோரின் உண்மையான பயம் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவருக்கு இதை உரக்கப் படித்துக் காட்டி, வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

நீங்கள் அதே பள்ளியில் ஆசிரியர் என்றால், உங்கள் மாணவர்களை நீங்களே நேர்காணல் செய்யாதீர்கள். மதிப்பெண் போடும் கை கேட்கும்போது மறுப்பது அவர்களுக்கு எளிதன்று. வேறு வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது மதிப்பெண் வெளியான பிறகு இன்னொருவரைக் கொண்டு கேட்கலாம்.

8. நேர்காணல்

வரிசை முக்கியம். முதலில் ஆவணங்கள்: ஒதுக்கீட்டு விதி, சுற்றறிக்கை, பரிந்துரைப் படிவம். அடுத்து முடிவெடுப்பவர்கள். அதன் பிறகே மாணவர்களும் பெற்றோரும். விதி என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால்தான், அது எங்கே மீறப்பட்டது என்று ஒரு தாய் சொல்லும்போது உங்களுக்கு உறைக்கும்.

அநீதியைப் பற்றி நேரடியாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “இங்கே பாகுபாடு இருக்கிறதா?” என்ற கேள்விக்கு ஆசிரியர் இல்லை என்பார். மாணவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். நடந்ததைக் கேளுங்கள்: “போன ஆண்டுப் பட்டியலைத் தயாரித்த நாளை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். முதலில் எந்தத் தாளைக் கையில் எடுத்தீர்கள்? எந்தப் பெயரில் தயங்கினீர்கள்? பிறகு யாரிடம் கேட்டீர்கள்?” தயங்கிய பெயரில் ஆய்வேட்டின் ஓர் இயலே கிடைக்கலாம்.

மாணவரிடம்: “எந்தப் பிரிவு என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? அப்போது வேறு யார் இருந்தார்கள்? மாற்றிக் கேட்கலாம் என்று தெரியுமா?” கடைசிக் கேள்வியை விடாதீர்கள். மேல்முறையீடு செய்யலாம் என்ற விதி இருந்தும் அது சிலருக்கு மட்டுமே தெரிந்திருப்பது, அநீதி நடக்கும் மிகச் சாதாரண வழிகளில் ஒன்று.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். மென்பொருள் உதவினாலும் வட்டார வழக்கைச் சரிபார்க்க நீங்களே உட்கார வேண்டும். முப்பது பேரைத் திட்டமிட்டுத் திணறுவதைவிடப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் ஆழமாகப் பேசி, தேவைப்பட்டவரை மீண்டும் சந்திப்பது மேல். பேச்சு வழக்கில் சொன்னதைத் திருத்தமான எழுத்து மொழிக்கு மாற்றுவதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள். ஆசிரியரின் பேச்சைச் செப்பனிட்டுவிட்டுத் தாயின் பேச்சைக் கொச்சையாகவே விடுவது கண்ணுக்குத் தெரியாத அவமரியாதை.

9. பகுப்பாய்வு

எழுத்தாக்கியதை வரிவரியாகப் படித்துக் குறியிடும் இடத்தில்தான், அதாவது ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று ஒரு சிறு பெயர் இடும் இடத்தில்தான், குறையை மாணவர்மீது சுமத்தும் பழக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும். ஓர் ஆசிரியர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அந்தப் பொண்ணு மார்க் நல்லாத்தான் எடுத்துச்சு. ஆனா வீட்டுல யாரும் சொல்லித்தர மாட்டாங்க, பாவம், கஷ்டப்படும்னு நான்தான் போடலை.”

புதியவர் இதற்கு இடும் குறி “வீட்டு ஆதரவின்மை”. இது ஆசிரியரின் விளக்கத்தை அப்படியே உண்மையாக ஏற்றுக்கொள்வது. அந்த வரியில் நடந்த செயல் என்ன? போதிய மதிப்பெண் இருந்தும், வீட்டைப் பற்றிய ஊகத்தால், இரக்கத்தின் பெயரில் ஒரு மாணவியின் பெயர் விடப்பட்டது. “இரக்கத்தால் விலக்கல்” என்று குறியிடுங்கள். “வீட்டைப் பற்றிய ஊகம்” என்று இன்னொரு குறியும் போடலாம். அந்த ஆசிரியர் கொடியவர் அல்லர். நல்லெண்ணத்தோடு நடக்கும் விலக்கல் எப்படி ஒரு வழக்கமாகிறது என்பதைக் காட்டினால், அவருக்கும் அது பயன்படும்.

உங்கள் முடிவுக்கு எதிரான சான்றுகளைத் தேடி எடுத்து ஒரு தனிக் கோப்பில் வையுங்கள். விலக்கப்பட்டும் மகிழ்ச்சியாக இருக்கும் மாணவர், விதியை வளைத்து ஒருவரைச் சேர்த்துவிட்ட ஆசிரியர் போன்றவர்கள் அதில் வருவார்கள். அவர்களை விளக்க முடியாத பகுப்பாய்வு இன்னும் முடியவில்லை.

10. எழுதுதல்

முறையியல் இயலை முதலில் எழுதுங்கள். களத்திலிருந்து வந்த சூட்டில் விவரங்கள் நினைவில் இருக்கும். அடுத்து கண்டறிந்தவை. பிறகு முந்தைய ஆய்வுகள், அதன் பிறகு முன்னுரை. முன்னுரையில் தொடங்குகிறவர்கள் அதையே மூன்று முறை மாற்றி எழுதுகிறார்கள், ஏனென்றால் எதற்கு முன்னுரை என்று அப்போது தெரிவதில்லை.

செயப்பாட்டு வினையைக் கண்டால் நின்று பாருங்கள். “மாணவர்கள் அடிப்படைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர்” என்பதில் சேர்த்தவர் காணாமல் போகிறார். “தேர்வுக் குழு சேர்த்தது” என்று எழுதினால் பொறுப்பு தெரியும். “பின்தங்கியவர்கள்” என்ற சொல்லையும் அப்படியே விசாரியுங்கள். பின்னுக்குத் தள்ளியது எது என்று சொல்ல முடிந்தால் அதைச் சொல்லுங்கள்.

இந்தக் களத்தில் நீங்கள் யார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். உங்கள் பின்னணி முழுவதும் தேவையில்லை. உங்கள் நிலை எந்தக் கதவைத் திறந்தது, எதை மூடியது, அதை ஈடுகட்ட என்ன செய்தீர்கள் என்பதே வாசகருக்குத் தேவை.

பரிந்துரைகளை முடிவெடுக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள். “விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்” என்பது யாரையும் கட்டுப்படுத்தாது. “குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் பெற்ற அனைவரையும் உயர்நிலைப் பிரிவில் சேர்த்துவிட்டு, விலக விரும்புகிறவர்கள் மட்டும் விண்ணப்பிக்கட்டும்” என்பது நாளையே கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடக்கூடியது.

11. முடிவுகளைக் களத்துக்குத் திருப்பித் தருதல்

இதற்கான நேரத்தை முன்மொழிவிலேயே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் நடக்காது. சமர்ப்பிக்கும் முன், மேற்கோள் காட்டப்பட்டவரிடம் அவருடைய பகுதியைக் காட்டுங்கள். தன்னை அடையாளம் காட்டிவிடும் என்று அவர் பயப்படும் விவரத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் விளக்கத்தை அவர் மறுத்தால் அதற்காக முடிவை மாற்ற வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் அந்த மறுப்பு ஏட்டில் பதிவாக வேண்டும்.

சமர்ப்பித்த பின் இரண்டு தனித்தனிச் சுருக்கங்கள் தயாரியுங்கள். பள்ளி நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம்: அட்டவணை, நடைமுறை, மாற்று விதி. பெற்றோருக்கு ஒரு பக்கம், அவர்கள் பேசும் மொழியில், பெரிய எழுத்தில்: பிரிவு எப்படி ஒதுக்கப்படுகிறது, எப்போது கேள்வி கேட்கலாம், யாரிடம், எந்தத் தேதிக்குள். இந்த ஒரு பக்கம் அடுத்த ஆண்டுப் பட்டியல் தயாராவதற்கு முன்பு அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பின் போனால் பயனில்லை.

ஒலிப்பதிவுகளை ஒப்புதல் படிவத்தில் சொன்ன தேதியில் அழித்துவிட்டு, அழித்ததை நெறியாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது, மேற்கோள் காட்டப்பட்ட மாணவர்கள் இன்னும் அதே பள்ளியில் படிக்கிறார்கள் என்றால், அவர்கள் பள்ளியை முடிக்கும் வரை பொதுப் பார்வையைத் தள்ளிவைக்கும்படி விண்ணப்பியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இதை அனுமதிக்கின்றன.